லெக்கனா ஒளித்துவைத்த வீடு

லெக்கனாவைத் தேடி வெளியாள் யாராவது வந்தால், என் வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் தெருவின் வழக்கம் அப்படி. கம்போடியாவில் எங்கள் பட்டாம்பாங் பக்கம் உதவி கொடுக்க யார் வந்தாலும், அவர்கள் வண்டிச் சத்தம் பாலத்தில் கேட்கும்போதே டிவி ஒரு வீட்டுக்கும் மோட்டார் சைக்கிள் இன்னொரு வீட்டுக்கும் போய்விடும். இருப்பதைக் காட்டினால் கொடுக்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தீராத பயம். ஆற்றோரத்தில் என் வீடு கொஞ்சம் பெரிது என்பதால், முக்கால்வாசியைக் கொண்டுவந்து என் தலையில்தான் கொட்டுவார்கள்.

லெக்கனா பக்கத்து வீட்டுக்காரி. மூங்கில் சோறு விற்கிறவள். பசையரிசியையும் காராமணியையும் தேங்காய்ப்பால் விட்டுக் குழலில் அடைத்து, தணலில் சுட்டு, கரிந்த மேல்தோலைச் சீவிக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருப்பாள். புருஷன் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். மகள் ரம்துலுக்கு அப்போது ஆறு வயது. வயிறாரச் சாப்பிட்டுப் படிக்கவாவது செய்யட்டும் என்று நகரத்தில் தாமரை இல்லம் என்ற பிள்ளைகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டாள். விட்டுவிட்டு வந்த மறுநாள் சுட்ட சோறெல்லாம் கருகிப்போயிற்று. திட்டிக்கொண்டே நான்தான் வாங்கித் தின்றேன்.

புத்தாண்டுக்கும் முன்னோர் திருநாளுக்கும் போய்ப் பார்ப்பாள். நானும் துணைக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் அதிக மரியாதையோடு கைகூப்பும். லெக்கனாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"டீச்சரக் கும்பிடுற மாதிரி என்னைக் கும்பிடுறாக்கா" என்று வண்டியில் வரும்போது மூக்கைச் சிந்துவாள்.

மூன்று வருடம் கழித்து இல்லத்தில் ஒரு புதுத் திட்டம் வந்தது. தாயோ தகப்பனோ இருக்கிற பிள்ளைகளை இனி வீட்டுக்கே அனுப்புவார்களாம். படிப்புச் செலவு, மதியச் சாப்பாடு, தாய்க்குத் தொழில் செய்யக் கைமுதல், வாரம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் ஆள் எனக் கிராமம் கிராமமாகச் செய்யப்போகிறார்களாம். முதலில் வீட்டை மட்டும் வந்து பார்ப்பார்கள்.

லெக்கனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சீட்டு எடுத்து மெத்தை வாங்கினாள், கொசுவலை வாங்கினாள், மின்விசிறி வாங்கினாள். பள்ளிக்கூடம் போக ஒரு பழைய சிவப்புச் சைக்கிளையும் வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

இல்லத்து ஆள் வருகிற அன்று நான் சந்தையில் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். வாசலை அடைத்துக்கொண்டு மெத்தை நின்றது. அதன் பின்னால் படகோட்டி ஹெங் மாமா சிவப்புச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, என் வீட்டுக்கே குடிவந்துட்டீங்களா?"

"உஸ்! மெதுவாப் பேசு. இல்லத்துலேருந்து ஆள் வந்திருக்கு. இதெல்லாம் பாத்தா, உனக்கு எதுக்கும்மா உதவின்னு போயிடுவாங்கல்ல? அதான் எல்லாத்தையும் தூக்கியாந்துட்டோம்."

"தண்ணிப் பானையுமா?"

"பானையும்தான்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அட கூறுகெட்ட மனுசா! அவங்க பாக்க வந்ததே பிள்ளைக்குப் படுக்க இடமிருக்கா, சாப்பிடத் தட்டு இருக்கான்னுதான்!"

மாமா வாயைப் பிளந்தார். நான் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தூண்மேல் நிற்கிற லெக்கனாவின் வீட்டுக்கு ஏணியேறிப் போனால், உள்ளே துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இல்லத்துப் பெண் சொரியா வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு, நல்ல முகம். லெக்கனா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ரம்துல் எங்க படுப்பா அக்கா?"

"இங்கதான்... தரையில."

"பாய் கூட இல்லையே." சொரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "தப்பா நெனைக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் அவ அங்கேயே இருக்கட்டும்."

லெக்கனாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. மெத்தையைத் தொப்பென்று போட்டேன்.

"இதுலதான் படுப்பா! இவளோடதுதான், என் வீட்ல ஒளிச்சு வச்சிருந்தா. எங்க தெருவுக்கே இந்தக் கிறுக்கு உண்டு. அவளைச் சொல்லிக் குத்தமில்ல."

சொரியா என்னையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் ஹெங் மாமா மூச்சிரைக்கச் சைக்கிளோடு ஏணியில் ஏறினார். அவர் பின்னால் விசிறி வந்தது, கொசுவலை வந்தது, பானை வந்தது, பூப்போட்ட இரண்டு தட்டுகள் வந்தன. திருமண ஊர்வலம் தோற்றது போங்கள். சொரியா சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

லெக்கனா மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப எல்லாம் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. உதவி கிடையாதா தங்கச்சி? மழைக்காலத்துல யாவாரம் படுத்துடும். தனியா என்னால சமாளிக்க முடியாது."

"உங்ககிட்ட இருக்கறதப் பாத்து உதவியக் கொறைக்க வரலக்கா. அவ இங்க இருக்க இன்னும் என்ன வேணும்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள் சொரியா. "புள்ளைய அனுப்புறோம்."

என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

ரம்துல் வந்தாள். ஆனால் வந்த பிள்ளை விருந்தாளியாகவே இருந்தது. 'அம்மா, தண்ணி குடிக்கலாமா? அம்மா, கீழ இறங்கலாமா?' எதற்கும் அனுமதி கேட்கும். துணிகளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மடித்த மடிப்போடு பை கதவோரமே கிடந்தது.

"பிடிக்காம இருக்காளோ அக்கா? திரும்பிப் போறேன்னுடுவாளோ?" என்று லெக்கனா என்னிடம் வந்து வந்து கேட்டாள்.

அடுத்த வாரம் பாலத்தில் சொரியாவின் வண்டிச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை லெக்கனா எதையும் ஒளிக்கவில்லை. மெத்தையைக் கண்ணில் படும்படி விரித்துவைத்தாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். "ரம்துல்! ரம்துல்!" என்று அவள் ஆற்றுப்பக்கம் ஓடினாள்.

என் வீட்டுப் பின்கட்டில், மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். ரம்துல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்றே இங்க?"

"சத்தம் போடாதீங்க பெரியம்மா. நான் இல்லன்னு சொல்லிடுங்க. சொரியா அக்கா என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காங்க."

"அவ சும்மா உன்னப் பாத்துட்டுப் போக வந்திருக்காடி."

"பொய். நான் போகமாட்டேன். நான் எங்க அம்மா கூடத்தான் இருப்பேன்."

நான் ஆற்றுப்பக்கம் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

"ஏய் லெக்கனா! உன் சாமான் ஒண்ணு இன்னும் என் வீட்லதான் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போ!"