பெயர் செல்லாது

ஜொகூர் பாருவில் பெண்களுக்கு இலவசமாகக் கோடிங் சொல்லித்தருகிறார்கள் என்றதும், லாயாங் லாயாங்கிலிருந்து சனிக்கிழமைதோறும் விழுந்தடித்து ஓடியவள் நான். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் சர்க்கியூட் பலகை சோதிக்கும் அக்காவையும் விடவில்லை. "அடுத்த வகுப்புக்கு நீங்களும் வாங்கக்கா" என்று நச்சரித்தேன். "நாப்பது வயசுல எனக்கு என்னடி கோடிங்?" என்றவர், கடைசியில் சரி என்று இறங்கி வந்தார்.

வகுப்பு முடிகிற சமயத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அடுத்த வகுப்புக்கான விண்ணப்பப் படிவத்தை நாங்களே செய்ய வேண்டும். பெயர் நிரப்பும் கட்டம் என் பங்கு. எழுத்தும் இடைவெளியும் மட்டும் வரலாம், வேறு எது வந்தாலும் மலாயில் 'நாமா தீடாக் சா', அதாவது பெயர் செல்லாது என்று சிவப்பில் காட்டும்படி எழுதினேன். என்னை வீட்டில் கூப்பிடும் பெயரை அடித்துச் சோதித்தேன். பச்சை விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விண்ணப்பம் மூடிய மறுவாரம் கேண்டீனில் அக்காவிடம் கேட்டேன். "ஃபார்ம் போட்டீங்களாக்கா?"

"போட்டேன் லா. ஐசியில இருக்கிற மாதிரியே மூணு தரம் அடிச்சேன். என் பேரு செல்லாதுன்னுடுச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தமிழ்ப் பெண்களான எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மகள் என்பதற்கு அடையாளமாக ஏ/பி என்று இருக்கும். அந்தச் சாய்வுக் கோட்டைத்தான் நான் உள்ளே விடவில்லை. மலாய்ப் பெண்கள் பெயரில் மகள் என்பதற்கு வரும் பிந்திக்குக் கோடு கிடையாது, அவர்கள் சிரமமில்லாமல் போயிருப்பார்கள். பிறந்ததிலிருந்து என் பெயரிலும் அந்தக் கோடு இருக்கிறது. மடச்சி, எனக்கே மறந்துவிட்டது!

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?"

"என்னத்த கேக்குறது? எங்கப்பா பேரு சரியாப் பதியாததால, குடியுரிமைக்கான நீல ஐசி வாங்க முப்பது வயசு வரைக்கும் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவ நான். அவர் பேர்ல இன்னும் ஏதோ கோளாறுன்னு நெனச்சு மூடிட்டேன்."

"அவர் பேர்ல ஒண்ணும் இல்லக்கா. அந்தக் கட்டத்த எழுதுனது நான்தான்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நீயாடி?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அன்றே திருத்தினேன். ஒரே ஒரு குறி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அந்த முறைக்குப் பிறகு இலவச வகுப்பு மறுபடி நடக்கவேயில்லை. அக்கா இன்னும் அதே மேசையில் பலகை சோதிக்கிறார். கோடிங் வகுப்பில் கொடுத்த என் சான்றிதழில் பெயர் ஏ/பியோடு முழுசாக அச்சாகியிருக்கிறது. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று அக்கா சொன்னபோது, அதைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.