இருட்டினால் அணையும் கேமராக்கள்

கிள்ளானில் தனியாக இருக்கும் அப்பாவை நினைத்து என் மனம் ஓரிடத்தில் நிற்காது. அதனால் அவர் வீட்டில் ஐந்து கேமராக்கள் பொருத்தினேன். அவற்றுக்கு ஒரே ஒயரில் இணைய இணைப்பும் மின்சாரமும் தரும் சுவிட்ச் பெட்டி வேண்டும். மொத்தம் எத்தனை வாட் தாங்கும் என்று பார்க்காமல், ஒயர் செருக எட்டு போர்ட் இருக்கிறதே என்று மலிவானதை வாங்கிவிட்டேன்.

பகலில் தொல்லையில்லை. இருட்டியதும் கேமராக்களின் இரவு விளக்குகள் எரியும். மின்சாரம் போதாமல் எல்லாம் அணைந்துவிடும். செந்தூலில் இருக்கும் என் வீட்டிலிருந்து பதறிப்போய் போன் செய்வேன். அப்பா முதல் மணியிலேயே எடுப்பார்.

“என்னம்மா, மறுபடியும் போயிருச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன்லா. சாப்டியா?”

தினமும் இதே கதை. பொறுக்க முடியாமல் கூடுதல் வாட் உள்ள சுவிட்சை மாட்டினேன். அன்று இருட்டிய பிறகும் படம் நிற்கவில்லை; நானும் போன் செய்யவில்லை.

திரையில் அப்பா வாசலில் உட்கார்ந்து, கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் இவ்வளவு தெளிவாக இல்லாமல் இருந்திருக்கலாம்.