அம்மா வேஷத்தை அவனுக்குக் கொடுத்தேன்

போன வருஷம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. லுணுகலையிலிருந்து உள்ளே போகிற தேயிலைத் தோட்டம். நான் அங்கே பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு நாடகம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். "நாடகக்காரி வந்துட்டா, சோறு எங்க?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். ஆனால் முன்வரிசையில் முதல் ஆளாக உட்காருவதும் அவர்தான்!

எங்கள் தோட்டத்தில் மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு டிவிஷன். இரண்டு பக்கத்து இளவட்டங்களுக்கும் ஆகவே ஆகாது. எந்நேரமும் வாய்ச்சண்டை, மண்டை உடைப்பு. என்னிடம் இருக்கிற வாண்டுகள்கூட "வெட்டுறேன் வாடா" என்றுதான் விளையாடும். கேட்க வயிறு எரியும். அதனால்தான் அந்தக் கதையை எடுத்தோம். ஆத்திரத்தில் ஒருத்தன் இன்னொருத்தனைக் குத்திவிடுவான். செத்தவனை மடியில் போட்டுக்கொண்டு அவன் அம்மா ஒப்பாரி வைப்பாள். குத்துகிறவன் மேக்கணக்குப் பையன், சாகிறவன் கீழ்க்கணக்குப் பையன், அம்மா நான். ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒத்திகை பார்த்தோம்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் கிரிக்கெட் மேட்சில் தகராறு. எங்கள் நாடகத்தில் சாகிற அதே கீழ்க்கணக்குப் பையன், குத்துகிற மேக்கணக்குப் பையனுடைய தம்பியை பேட்டால் மண்டையிலேயே போட்டுவிட்டான். தம்பி பதுளை ஆஸ்பத்திரியில். நாடகம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன்காரனே வந்து, "நான் நடிக்கிறேன் அக்கா, வாக்கு குடுத்துட்டேன்ல" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டேன்.

திருவிழா அன்றைக்கு சாயங்காலம் களம் நிறைய சனம். தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைக்காம்பராவில்தான் வேஷம் கட்டினோம். குத்துகிற காட்சிக்கு நானே அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய கத்தி ஒன்று உண்டு. அதை அண்ணன்காரனின் துணிமூட்டையில் வைக்கலாம் என்று தூக்கினேன். மூட்டை கனத்தது. பிரித்தால், கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி வெட்டுகிற நிஜக் கத்தி. புதுசாகத் தீட்டியிருந்தது. ஐயோ சாமி!

அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒளியவில்லை. "தம்பிக்கு இன்னும் ஒரு கண்ணு சரியா தெரியல அக்கா" என்றான்.

எங்கள் தப்புக்காரர், "நிப்பாட்டு. பொலிசுக்குச் சொல்லிட்டுப் போயிருவோம். நாடகக்காரங்க நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் கத்தியை எப்படிப் பிடிக்கணும், எப்படி ஓங்கணும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தானே! "ஆத்திரம் பத்தல, இன்னும் வேணும்" என்று இரண்டு மாசமாக விரட்டியவள் நான். இப்போது எனக்கென்ன என்று கையைக் கழுவினால், நாளைக்குக் கீழ்க்கணக்குப் பையனை ரோட்டில் வைத்து முடித்துவிடுவான்.

கத்தியைத் தப்புக்காரரிடம் கொடுத்துவிட்டு, கீழ்க்கணக்குப் பையனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். வேண்டாம் என்றால் இப்பவே நிறுத்திவிடலாம் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நடிக்கிறேன் அக்கா. அடிச்சது நான்தானே" என்றான்.

அம்மா வேஷத்துக்காக உடுப்புக்கு மேலே சுற்றியிருந்த வெள்ளைச் சேலையை உருவி அண்ணன்காரன் கையில் கொடுத்தேன்.

"இன்னைக்கு நீ அம்மா. நான் குத்துறேன்."

"எனக்கு ஒப்பாரி வராது அக்கா."

"எத்தனை தடவை கேட்டிருக்கே! வந்த மட்டும் அழு."

எங்கள் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது ஆம்பளைதான். அதனால் சேலை கட்டின பையனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவன் வேஷத்துக் கால்சட்டையைப் போட்ட என்னைப் பார்த்துத்தான் களமே சிரித்தது. என் வீட்டுக்காரருக்கு வெற்றிலை புரையேறிவிட்டது.

அட்டைக் கத்தியால் குத்தினேன். கீழ்க்கணக்குப் பையன் விழுந்தான். அம்மா ஓடிவர வேண்டும். வரவில்லை. தப்பு அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு மெதுவாக நடந்து வந்தான். உட்கார்ந்தான். விழுந்து கிடந்தவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தான்.

நான் கற்றுக்கொடுத்த ஒப்பாரி ஒரு வரிகூட வரவில்லை. "தம்பி... என்னைப் பாரு தம்பி... கண்ணத் திறந்து பாரு" என்று, நாடகத்திலேயே இல்லாததைச் சொல்லிச் சொல்லிக் கதறினான். செத்தவன் கண்ணை மூடித்தான் கிடந்தான், ஆனால் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. கூட்டத்தில் ஒரு மேக்கணக்கு அம்மா ஒப்பாரியைத் தொடங்க, கீழ்க்கணக்கு அம்மாமாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் கத்தியோடு நடுவில் நின்று, குத்தினவள் என்பதையும் மறந்து அழுதேன்.

மறுநாள் கவ்வாத்துக் கத்தியை அண்ணன்காரனின் அப்பாவிடம் கொடுத்தேன். "இத எங்கெல்லாமோ தேடினேன்" என்று வாங்கிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த வாரமே கீழ்க்கணக்குப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியின் கட்டில் ஓரத்தில் நின்றானாம். அண்ணன்காரன் பேசவில்லை, துரத்தவும் இல்லை. தம்பிக்குக் கண் தெளிந்துவிட்டது. தோட்டத்தில் சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் புளுக மாட்டேன். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒத்திகையை விடவில்லை.

இந்த வருஷம் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேஷம் கட்டப் போனால் வெள்ளைச் சேலையைக் காணோம். பார்த்தால், அண்ணன்காரன் கட்டிக்கொண்டு நிற்கிறான். "அம்மா வேஷம் என்னோடது அக்கா, கேக்காதீங்க" என்றான். எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன், ஆனால் கத்தியோடு வந்த ஒருத்தன் என் வேஷத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை நினைத்தால்தான், நாடகக்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அத்தனை பெருமையாக இருக்கிறது.