பட்டு முடிச்சு

வாலாஜாபாத்துக்கு அப்பால் பாலாற்றங்கரையில் என் சம்பந்தி திராட்சை வைத்திருக்கிறார். ஆறு வரிசை, வரிசைக்கு இருபத்திரண்டு கொடி, மொத்தம் நூற்று முப்பத்திரண்டு. மூன்று வருஷமாக மருந்து கிடையாது. சாணமும் கோமியமும் வெல்லமும் கரைத்து ஊற்றுவதோடு சரி. பழத்தைக் கொட்டகையில் ஜாடிகளில் புளிக்க வைத்துச் சிர்க்கா ஆக்குகிறார். வினிகர் என்று யாராவது சொன்னால் திருத்துவார். அவரிடம் மொத்தமாக வாங்கும் காஞ்சிபுரத்துக் கடைக்கார பாய் சொல்லும் சொல் அது. பாயின் நிபந்தனை ஒன்றுதான்: கொடியில் ஒரு சொட்டு மருந்து பட்டாலும் சரக்கு வேண்டாம்.

போன மாதம் என் மகள் அந்த வீட்டிலிருந்து போன் செய்தாள். "அப்பா, கொடி காஞ்சிக்கினே போவுதுப்பா. மாமா ரெண்டு நாளா சரியா சாப்புடல." அறுவடைக்கு இருபது நாள்தான் இருந்தது. மறுநாள் காலை பத்து பத்துக்குத் தோட்டத்தில் இருந்தேன்.

"வாங்க சம்பந்தி. என் தலைமுடியைத் தவிர எல்லாத்தையும் எண்ணிக்குங்க. அது எண்றதுக்கு இல்ல" என்றார். எதைப் பார்த்தாலும் எண்ணும் என் பழக்கத்தை வைத்து வழக்கமாகச் செய்யும் கேலிதான், ஆனால் சிரிப்பில்லை. "பூச்சின்னு நெனைக்கிறேன். மருந்து அடிக்கிறவனை வரச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு வரான்."

"பாய் வேணாம்னு சொல்லிடுவாரே?"

"சொல்லட்டும். கொடியே செத்தா சிர்க்காவுக்கு எங்க போறது?"

நெசவாளர் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் இழை எண்ணிப் பார்த்தவன் நான். கை சும்மா இருக்காது, எண்ணிக்கொண்டே நடந்தேன். முதல் இரண்டு வரிசையில் ஒன்றும் காயவில்லை. மூன்றாவதில் பதினைந்து, நான்காவதில் பதினாறு, ஐந்தாவதில் ஆறு. ஆறாவதில் ஒன்றுமில்லை. ஆக முப்பத்தேழு. பூச்சி வரிசை பார்த்தா கடிக்கும்?

ஐந்தாவது வரிசையில் குனிந்து பார்த்தேன். கொடியைக் கம்பியோடு கட்டிய இடத்தில் அரக்கு நிற நூல் பட்டைக்குள் புதைந்திருந்தது. கட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை இலை. அந்தப் பக்கம் மஞ்சள், சுருங்கிய பழம்.

அந்த அரக்கு எனக்குத் தெரியும். கொடியை வெட்டிவிடும் கவாத்து சமயத்தில், இரண்டு வரிசை கட்டியதும் வாழைநார் தீர்ந்துபோனது. பிளாஸ்டிக் கயிற்றைத் தோட்டத்துக்குள் விடமாட்டேன் என்றார் சம்பந்தி. தறியில் சேலையை அறுத்த பிறகு மிஞ்சும் பட்டு நூலை இரண்டு பை நிறைய நான்தான் கொண்டு வந்தேன். ஐந்தாவது வரிசை பாதியில் அது தீர்ந்து, மறுபடி வாழைநார் வந்தது. "காஞ்சிபுரத்துப் பட்டு சம்பந்தி, அறவே அறாது" என்று பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். அறவில்லை. கொடி பருக்கும்போது வாழைநார் இற்று வழிவிடும். பட்டு விடவில்லை.

மணி பத்து ஐம்பது. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்தால் பழி பூச்சியோடு போகும். சொன்னால்? என் மகள் வாழும் வீடு.

வாசலில் வண்டிச் சத்தம். முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய ஆள் இறங்கினான். "இன்னாண்ணே, மருந்து கலக்கட்டா?"

"கொஞ்சம் நில்லுப்பா" என்றேன். சம்பந்தியைக் கொடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். "இது பூச்சி இல்ல சம்பந்தி. நான் குடுத்த நூல்."

அவர் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். பக்கத்துக் கொடிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். நான் மனசுக்குள் எண்ணினேன். பத்தொன்பதாவது கொடியில் வாய் திறந்தார்.

"வேணாம்பா, நீ கெளம்பு. இது பூச்சி வேலை இல்ல, சம்பந்தி வேலை."

வண்டி போன பிறகு இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை என்னிடம் நீட்டினார். "அறாதுன்னு சொன்னீங்களே. அறுங்க."

பட்டு கட்டியவை ஐம்பத்து நான்கு கொடி. காயாதவற்றிலும் நூல் இறுகத் தொடங்கியிருந்தது. வெயிலில் ஒவ்வொன்றாகக் குனிந்து அறுத்தேன். அவர் பின்னாலேயே வந்து வாழைநாரால் தளர்த்திக் கட்டினார். மகள் மோர் கொண்டு வந்தாள், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொம்பை வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்கு என் சட்டைப்பையில் ஐம்பது முடிச்சு இருந்தது. மீதி நான்கு கொடியில் பட்டை நூலின்மேல் மூடி வளர்ந்துவிட்டது. அந்தப் பட்டையில் கத்தியை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடுங்க. தோண்டினா ஒடிஞ்சிடும். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

கொடிக்குச் சொன்ன அந்த ‘இருக்கட்டும்’ எனக்கும் போதுமென்று, மகள் வைத்துவிட்டுப் போன மோரைக் குடித்தேன். வெயிலில் புளித்திருந்தது.