தூளி தொங்கிய மூக்கு

நிகானோர் உய்காப் தூளியில் பிறந்தவன். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஷ்பகால் ஊரில் எல்லோரும் தூளியில்தான் பிறக்கிறார்கள், வளர்ந்த பிறகும் தூளியில்தான் தூங்குகிறார்கள், தூளியில் மல்லாந்தபடியே மைத்துனர்களோடு சண்டையும் போடுகிறார்கள். நிகானோரின் தனிச்சிறப்பு வேறு. அவன் பிறந்தபோது தூளி எந்தக் கொக்கியில் தொங்கியதோ, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதே கொக்கியில்தான் தொங்கியது. வேறு எதிலும் தொங்காது. ஆள் அப்படி. தோள் ஒரு கதவின் அகலம். வயிறு அதற்குத் துணை. கூரைக் கம்பில் கட்டிப் பார்த்து, கம்பையும் முறித்து, கீழே படுத்திருந்த நாயையும் நொண்டியாக்கியவன். சுவரிலிருந்து தும்பிக்கைபோல் நீண்டு மேல்நோக்கிச் சுருண்டிருந்த அந்தக் கல் ஒன்றுதான் அவனைத் தாங்கியது.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கு வெளியே மேட்டில் முன்னோர்கள் கட்டிய மாளிகை ஒன்று இருந்தது. பண்ணைக்காரர்கள் காலத்தில், கற்றாழை நார் உரிக்கும் இயந்திரத்துக்குக் கொட்டகை வேண்டும் என்று அதை இடித்தார்கள். வேண்டிய கல்லைப் பண்ணை எடுத்துக்கொண்டது, மிச்சத்தை ஊர் எடுத்துக்கொண்டது. தேவாலயத்துக்கு வாசற்படி, கிரெசென்சியோ வீட்டுப் பன்றிக்குத் தீனித்தொட்டி, உய்காப் வீட்டுக்குக் கொக்கி.

அந்த மேட்டைத் தோண்டத்தான் மெரிதா நகரத்திலிருந்து தொல்பொருள் ஆய்வாளர் டாக்டர் ரெபேகா வந்தார். மெலிந்த பெண்மணி, பெரிய தொப்பி. தரையில் கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, ஊர்க்காரர்களையே வேலைக்கு வைத்தார். நிகானோரின் மனைவி எர்மிலாவின் அண்ணன் கிரெசென்சியோ மேஸ்திரி ஆனான். தங்கை புருஷன் என்பதால் நிகானோருக்கும் வேலை கிடைத்தது. கனமான கல்லைத் தூக்க அவனைவிட்டால் ஆள் இல்லை என்பதும் உண்மை.

இடிந்து விழுந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தூரிகையால் தட்டி, பக்கத்து வெட்டவெளியில் பரப்பினார்கள். எந்தக் கல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று டாக்டரம்மா பொருத்திப் பொருத்திப் பார்த்தார். கண், காது, பல்வரிசை என்று மழைத்தெய்வம் சாக்கின் முகம் மெல்ல மெல்லத் தரையில் கூடியது. அங்கே இருந்த பல முகங்களில் முழுதாகத் தேறியது அது ஒன்றுதான். நடுவில் மட்டும் ஒரு குழி.

"மூக்கு எங்கன்னு தேடுங்க" என்றார் டாக்டரம்மா. "நீளமா, மேல சுருண்டிருக்கும்."

மண் சலித்துக்கொண்டிருந்த சல்லடைக்காரர்கள் சல்லடையைப் பார்த்தார்கள். கிரெசென்சியோ வானத்தைப் பார்த்தான். நிகானோர் தன் கால்விரல்களைப் பார்க்க முயன்றான்; வயிறு மறைத்தது. அங்கிருந்த எல்லோரும் என்றாவது ஒருநாள் அந்த மூக்கில் தொங்கிய தூளியில் ஆடியவர்கள். ஆனால் மூக்கைச் சொன்னால் பன்றித்தொட்டியைச் சொல்லவேண்டும், தொட்டியைச் சொன்னால் வாசற்படி வரும். ஊர் வாயை மூடிக்கொண்டு ஊக்கமாகத் தோண்டியது.

அந்த வருடம் மழையும் தாமதம். சோளக்காட்டை எரித்துச் சுத்தம் செய்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். மேகம் வரும், நிற்கும், போய்விடும். பகல் சாப்பாட்டு நேரத்தில் கிரெசென்சியோ சோள உருண்டையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே ஆரம்பிப்பான்.

"மூக்கில்லாதவன் மழையை எப்படி மோந்து கண்டுபிடிப்பான், சொல்லு மாப்ள?"

"உன் பன்னி அவனோட இன்னொரு முகத்துத் தாடையில தின்னுட்டிருக்கு மச்சான். முதல்ல அதைக் கேளு" என்பான் நிகானோர்.

சொல்லிவிட்டானே தவிர, வேலை முடிந்து போகும்போதெல்லாம் அந்தக் குழி அவனையே பார்த்தது. வீட்டுக்கு வந்து தூளியில் விழுந்தால் தலைமாட்டில் மூக்கு. இதைக் கொடுத்துவிட்டு எதில் தூங்குவது?

இந்த நிலையில்தான் எர்மிலா டாக்டரம்மாவைச் சனிக்கிழமை விருந்துக்கு அழைத்துவிட்டாள். கருக்கிய மிளகாய் அரைத்து ஊற்றி வான்கோழி சமைப்பதில் அவளுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அது மெரிதாவரை போகட்டும் என்று ஆசை.

சனிக்கிழமை காலை நிகானோர் தூளியை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் போட்டான். மூக்கின் மேல் தன் தொப்பியை மாட்டினான். தொப்பிக்கு மேல் ஒரு சாக்குப்பை, அதற்கு மேல் ஒரு மாதா படக் காலண்டர். தேவாலயத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்தான். டாக்டரம்மா வந்து அதில் உட்கார்ந்து, வான்கோழியை ரசித்துச் சாப்பிட்டார். மிளகாயின் காரத்தில் கண் கலங்கியது. நிகானோருக்கு உயிர் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது அடுக்களையிலிருந்து கை துடைத்தபடி எர்மிலா வந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஷ்பகாலில் விருந்தாளியைத் தூளியில் உட்காரவைப்பார்கள். நாற்காலி கொடுத்தால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம்.

"ஏய்யா, அவங்க என்ன வரி வசூலிக்கவா வந்திருக்காங்க?" என்றாள். நிகானோர் கண்ணால் காட்டினான், தொண்டையைச் செருமினான். அவள் கவனிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது மூக்கு அல்ல, கொக்கி. காலண்டர், சாக்குப்பை, தொப்பி மூன்றையும் ஒரே கையில் வழித்து எறிந்துவிட்டுத் தூளியை மாட்டினாள். "படுங்கம்மா. சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணசரணும்."

டாக்டரம்மா காரத்தில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, மூக்குக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார், சாய்ந்தார், அப்படியே தூங்கிப்போனார். கணவனும் மனைவியும் சுவரோரம் நின்றார்கள். விஷயம் அப்போதுதான் எர்மிலாவுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று நிகானோருக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா கண் விழித்தபோது மூக்கு நேராகத் தலைக்கு மேல் இருந்தது. கையை நீட்டி அந்தச் சுருளைத் தடவினார்.

"நிகானோர் ஐயா, இது எத்தனை காலமா இங்க இருக்கு?"

"நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இருக்கும்மா."

"பொறந்ததே அதுக்குக் கீழதான்" என்றாள் எர்மிலா.

சட்டம், அபராதம் என்று ஏதாவது வரும் என நிகானோர் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. இப்படி ஒரு தூக்கம் தூங்கிப் பல வருஷம் ஆகிறது என்று சொல்லி எழுந்தார் டாக்டரம்மா. வாசலில் செருப்பை மாட்டும்போது, "நானா எடுத்துட்டுப் போக மாட்டேன். நீங்களே கொண்டாங்க" என்றார்.

"நான் எங்கம்மா தூங்குறது?" என்று கேட்டுவிட்டான்.

அவர் திட்டாமல், அந்தச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் அவனைச் சங்கடப்படுத்தியது. திட்டியிருந்தால் கொடுக்காமல் இருந்திருப்பான்.

திங்கட்கிழமை சுவரைப் பெயர்த்து, மூக்கைக் குழந்தைபோல் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தான். குழியில் வைத்தபோது துளி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கிரெசென்சியோ நேராக வீட்டுக்குப் போய்ப் பன்றித்தொட்டியைக் கழுவ ஆரம்பித்தான்.

அதன்பின் நிகானோர் தரையில் படுத்தான், புரண்டான், பகலில் மண்வெட்டியில் சாய்ந்து தூங்கினான். சிவந்த கண்ணோடுதான் முகத்தைச் சுவரில் ஏற்ற உதவினான். கட்டடத்தின் அடிவரிசையில், மார்பளவு உயரத்தில், சாக் மறுபடி ஊரைப் பார்த்தார்.

அன்று பகலில் எல்லோரும் நிழல் தேடிப் போனபிறகு நிகானோர் மட்டும் நின்றான். மூக்கைப் பார்த்தான். எதிரே இருந்த மரத்தைப் பார்த்தான். நடுவிலிருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தான். திரும்பினால் பின்னால் டாக்டரம்மா. அவரும் மூக்கைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"சாந்து நல்லா காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காய்ந்தது. தூளியைக் கட்டிப் படுத்த முதல் மதியம் நிகானோர் குறட்டை விட்டது சல்லடைக்காரர்கள்வரை கேட்டது. டாக்டரம்மா அந்தப் பக்கம் வரவே இல்லை. மறுகோடியில் எதையோ மும்முரமாக அளந்துகொண்டிருந்தார். கிழக்கே மேகம் வந்தது, நின்றது, இம்முறை போகவில்லை. முதல் சொட்டு மூக்கு நுனியிலிருந்து நழுவி நிகானோரின் நெற்றியில் விழுந்தது.

"எந்திரி மாப்ள" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து கத்தினான் கிரெசென்சியோ. "நீ கயிறு கட்டி ஆட்டுனதுல அவன் தும்முறான்."

நிகானோர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.