ஆத்தா வந்த வீட்டில் நின்றுபோன மாத்திரை

வாடிய வேப்பிலையின் கசந்த வாடையோடு மஞ்சள் வாடையும் கலந்து வந்தால், இந்த வயதிலும் என் உடம்பு அரிக்கத் தொடங்கிவிடுகிறது. எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் நட்டார்களே, அதற்கு அடுத்த கோடை அது. கம்பத்துக்கு வெட்டிய குழியில் சித்தப்பாவின் ஆடு விழுந்தது தனிக் கதை, அது கிடக்கட்டும். அந்தக் கோடையில்தான் எனக்கு அம்மை போட்டது.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம் எங்கள் ஊர். அண்ணனுக்கு வலிப்பு உண்டு. ஊரில் "காக்கா வலிப்பு" என்பார்கள். ஒருமுறை நாற்றங்கால் சேற்றில் முகம் புதைய விழுந்த பிறகு, அப்பா அவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். டாக்டர் காலையும் இரவும் போட மாத்திரை கொடுத்து, குணமாகிவிட்டது என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அப்புறம் அண்ணன் விழவில்லை. ஏர் ஓட்டினான், மடை திறக்கத் தனியாகப் போனான், பெண் பார்க்கலாமா என்ற பேச்சுகூட வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், மருந்தும் தொட மாட்டார்கள். பெரியம்மா வந்து நிலைப்படியில் வேப்பிலை செருகினாள்.

"ஆத்தா வந்திருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வீட்டுல இங்கிலீஷ் மருந்து யாருக்கும் ஆகாது."

"அம்மை தம்பிக்கு, பத்தியம் எனக்கா பெரியம்மா?" என்று அண்ணன் சிரித்தான்.

"வாயக் கழுவுடா. அவ காதுல விழப்போவுது."

அம்மா மாத்திரைப் பொட்டலத்தைக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டாள். அண்ணனும் கேட்கவில்லை, உடம்பு நன்றாகத்தானே இருந்தது.

ஒரு நாள் காலை, எனக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தவன் அரிவாளோடு சாய்ந்தான். ஒரு வலிப்பு அடங்கி நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தது. படுக்கையை விட்டு நான் எழக் கூடாது. கதவிடுக்கில் மண்ணை உதைக்கும் அவன் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ பல்லிடுக்கில் கரண்டிக் காம்பை நுழைத்தார்கள், எதற்கும் வலிப்பு நிற்கவில்லை. வண்டி வருவதற்குள் அந்தக் கால் உதைப்பதையும் விட்டுவிட்டது.

"அம்மை சின்னவனுக்கு, மாத்திரை பெரியவனுக்கு. அத ஏன்யா நிறுத்துனீங்க?" என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாராம்.

அண்ணன் பிழைத்து வந்தான். வந்து இறங்கியவன் அப்பாவைப் பார்த்து, "உக்காருங்க, நீங்க எந்த ஊரு?" என்றான். இருந்த காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தான்.

இப்போது அவனும் இல்லை, பெரியம்மாவும் இல்லை, அந்தக் கூரை வீடும் இல்லை. பத்தியம் மட்டும் இருக்கிறது. தீமிதிக்குக் காப்புக் கட்டிய தன் பையன் விரதம் முடிகிறவரை வலிப்பு மாத்திரையைத் தொட மாட்டான் என்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே அம்மா என்று எவ்வளவோ சொன்னேன். "சரிங்க தாத்தா" என்று உட்காரவைத்து மோர் கொடுத்தாள், பையன் கையிலிருந்த காப்பைக் கும்பிட்டுக்கொண்டாள். என் பேச்சு அவ்வளவுதான் போகும். நீங்களாவது யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.