பெற்றோல் கானுக்குப் பக்கத்தில் மீன் பொரியல்

டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இரசாயனப் போத்தல்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பொறுப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் என் வேலை ஏசுவது. அசிட்டோன் போத்தலை மூடாமல் வைத்தவனை ஏசுவேன். தீப்பற்றும் திரவங்களுக்கென்று இருக்கும் மஞ்சள் அலுமாரியைத் திறந்தபடி விட்டுப் போனவளை மாடிப்படி வரை துரத்திப் போய் ஏசியிருக்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரும் புதுப் பிள்ளைகளிடம் அதே பாடத்தை ஒப்புவிப்பேன்: இவற்றின் ஆவி காற்றைவிடப் பாரம், மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போய் நெருப்பைத் தேடும்.

இப்பேர்ப்பட்ட மகாராணிதான் நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் தன் வீட்டுக் கராஜுக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காதீர்கள்.

எல்லாம் ஒரு குளிர்கோட்டால் வந்த வினை. முன்பு நோத்ர-டாம்-த-கிரேஸில் சின்ன அப்பார்ட்மெண்டில் இருந்தோம். சமைக்கிற குசினிக்கு நேரெதிரே குளிர்கோட் கொழுவும் இடம். பொரிக்கிற மீன் மணமெல்லாம் கோட்டில் ஏறிவிடும். ஒருநாள் மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுருக்கி, என் கோட்டைப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் வேறு இருக்கையில் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். வெட்கத்தில் அன்று முழுக்க ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

வீடு வாங்கியதும் நான் போட்ட முதல் சட்டம், பொரியல் எல்லாம் கராஜில். ஒரு காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, பொரிக்க ஒரு தாச்சி. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வீட்டில் இதே கூத்துத்தான், அதனால் பிழையாகவே படவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பனி அள்ளும் மெஷின், அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பெற்றோல் கான். இவ்வளவுக்கும் நேர்மேலே மகளின் படுக்கையறை.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியே முழங்கால் அளவு பனி. குளிருக்குப் பயந்து கராஜ் கதவை மூடிவிட்டு நான் விளைமீன் பொரிக்கிறேன். என் மனுசன் மெஷினுக்குப் பெற்றோல் ஊற்றுகிறார், புனல் இல்லாமல்.

“இஞ்சேருங்கோ, சிந்துது!”

“கொஞ்சம்தானேயப்பா, காஞ்சிடும்.”

காயவில்லை. அடுப்படியில் இருந்து தரையோடு நீலமாக ஒரு நெருப்பு ஓடி அவருடைய சப்பாத்துக்குக் கிட்டப் போய் நின்று எரிந்தது. செப்டெம்பரில் நான் ஒப்புவித்ததை அப்படியே செய்து காட்டியது. மனுசன் கானைக் கீழே வைத்துவிட்டு மீன் கழுவிய வாளியைத் தூக்கினார்.

“ஐயோ, தண்ணி ஊத்தாதைங்கோ! விசரே உங்களுக்கு? கானைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடுங்கோ!”

சிலிண்டரைப் பூட்டிவிட்டுக் கராஜ் கதவை இழுத்துத் தூக்கினேன். அவர் கானோடு பனிக்குள் பாய்ந்தார். ஆய்வுகூடத்தில் மூன்று தீயணைப்பான் வைத்திருப்பவளுக்கு வீட்டில் ஒன்றுகூட இல்லை. வாசல்படி வழுக்காமல் இருக்கப் போடுகிற மண் மூட்டை ஒன்றுதான் கையில் பட்டது. கிழித்து முழுதையும் கொட்டினேன். அணைந்தது.

அப்போது மேலேயிருந்து மகளின் குரல் வந்தது. “அம்மா, மீன் கருகுது!”

அந்த மண்ணுக்குள் குந்தியிருந்து அழுதேன். எவளோ ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள் என்பதற்காக என் பிள்ளையைப் பெற்றோலுக்கு மேலே படுக்க வைத்திருக்கிறேன். ஆய்வுகூடத்தில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கே கான் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனது. சிலிண்டரும் வெளியேறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளைமீன் குசினியில் பொரிந்தது.

திங்கள் காலை வாசலில் மகள் கத்தினாள். “அம்மா! என்ட கோட் மீன் மணக்குது! ஸ்கூலில எல்லாரும் சிரிக்கப் போகினம்!”

“சிரிக்கட்டும். அம்மா பொரிச்ச விளைமீன் எண்டு சொல்லு.”

அவளைக் கட்டிப்பிடித்துக் கோட்டுத் தொப்பிக்குள் மூக்கை விட்டேன். மீன்தான். மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்ந்த அருமையான மணம்.

“விடுங்கோ அம்மா, பஸ் போகப் போகுது!” என்று என்னைத் தள்ளிவிட்டு, அந்த மணத்தோடேயே ஓடினாள்.